சலம் போகும் வழி அடைபட்டவருக்கு அடக்க முடியாத அவசரம் ஏன்? சலப்பைத் தசை பற்றிய கேள்வி

எழுவான்கரைப் பிள்ளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனது அப்பாவுக்கு 69 வயது. களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரை வயலுக்கு இன்றும் சைக்கிளில் போய்வருபவர். சில வருடங்களாகச் சலம் மெல்லிய தாரையாகவே போகிறது. தொடங்குவதற்கு முன் நிற்க வேண்டியிருக்கிறது. முடிந்துவிட்டது என்று நினைத்து வந்த பின்னும் இன்னும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறது என்கிறார். ஸ்கேன் அறிக்கையில், சலப்பைக்குக் கீழே சலக்குழாயைச் சுற்றியிருக்கும் புரோஸ்டேட் சுரப்பி 38 மில்லிலீற்றர், சலம் போன பின்னும் சலப்பையில் மிஞ்சுவது 180 மில்லிலீற்றர், சலப்பைச் சுவர் தடித்து உட்புறம் வரிவரியாக உள்ளது என்று எழுதப்பட்டிருந்தது. இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியட்டினின் சரியான அளவில்தான் உள்ளது. சீனி வருத்தம் இருக்கிறது, குளிசையில் கட்டுப்பாடாக வைத்திருக்கிறார்.

டம்சுலோசின் குளிசை தொடங்கிய பிறகு தாரை ஓரளவு சீரானது. ஆனால் திடீரென்று வரும் அவசரமும் இரவில் நான்கு தடவை எழும்புவதும் குறையவில்லை. பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போவதென்றால் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் குடிக்க மாட்டார். வழி அடைபட்டிருக்கிறது என்றால் போவதுதானே கடினமாக இருக்க வேண்டும், அடக்க முடியாமல் ஓட வேண்டியிருப்பது எப்படி என்பது எனக்கு விளங்கவில்லை. எங்கள் பெரியப்பாவுக்குச் சுரப்பி இதைவிட இரண்டு மடங்கு பெரிது என்று ஸ்கேனில் வந்தது. அவருக்கு ஒரு குறையும் இல்லை. கிளினிக்கில் சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் சத்திரசிகிச்சை பற்றிப் பேசியபோது, சலப்பைத் தசை பலவீனப்பட்டிருந்தால் எதிர்பார்த்த பலன் கிடைக்காமலும் போகலாம் என்றார்கள். அப்படியானால் செய்வதா, விடுவதா? இதைப் பற்றி அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வாவிக்கரை வைத்தியன் எழுதியது:

தங்கச்சி, யூரோலஜி வார்ட்டில் சில காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அப்பாவைப் பரிசோதிக்காத நான் அவருக்கான முடிவைச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்ட முதல் கேள்விதான் இந்த வருத்தத்தின் மையம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சலப்பையின் சுவர் டெட்ரூசர் என்னும் மென்தசையால் ஆனது. அதற்கு இரண்டு வேலைகள் உண்டு. நாளின் பெரும்பகுதியில் அது தளர்ந்து விரிந்து, உள்ளே அழுத்தம் ஏறாமல் சலத்தைச் சேர்த்து வைக்க வேண்டும். சில நிமிடங்கள் மட்டும் ஒருமித்துச் சுருங்கி வெளியே தள்ள வேண்டும். சுருங்கும் கட்டளை முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் திருவெலும்பு மட்டத்து இரண்டு முதல் நான்கு வரையான நரம்புகள் வழியாக வந்து, அசற்றைல்கோலின் என்ற பொருளால் தசைக்குக் கடத்தப்படுகிறது. அந்தக் கட்டளையைத் தசையில் வாங்கிக்கொள்ளும் இடங்களை ஏற்பிகள் என்பார்கள். மனிதரில் சுருக்கத்தை நிகழ்த்துவது முக்கியமாக எம்3 வகை ஏற்பிகள். தளர்ச்சிக்கு உதவுபவை பீட்டா 3 ஏற்பிகள். மருந்துகள் எல்லாம் இந்த இடங்களில்தான் கை வைக்கின்றன.

வழி ஒடுங்கும்போது, அதே சலத்தை வெளியேற்றத் தசை கூடுதலான அழுத்தத்தை உண்டாக்க வேண்டியிருக்கிறது. வருடக்கணக்கில் அப்படி உழைக்கும் தசை தடிக்கிறது. உங்கள் அறிக்கையில் வரிவரியாக இருப்பதாகச் சொன்னது தடித்த தசைக்கற்றைகள் உட்புறம் மேடிட்டுத் தெரிவதைத்தான். சுவர் தடித்தால் பலம் கூடும் என்று நினைக்கத் தோன்றும். தொடக்கத்தில் அது உண்மையும்கூட. ஆனால் உயர்ந்த அழுத்தத்தில் சுருங்கும் ஒவ்வொரு தடவையும் சுவருக்குள் ஓடும் இரத்தம் குறைகிறது. சுருக்கம் முடிந்ததும் மீண்டும் பாய்கிறது. இந்தக் குறைவும் பாய்ச்சலும் திரும்பத் திரும்ப நடப்பதால் சுவருக்குள் இருக்கும் மெல்லிய நரம்பிழைகள் பாதிக்கப்படுகின்றன. தசைக்கற்றைகளுக்கு நடுவே கொலாஜன் என்ற நார்ப்பொருள் சேர்ந்து சுவர் விறைக்கிறது. நரம்பிணைப்பில் ஒரு பங்கை இழந்த தசை, மிஞ்சிய நரம்பிலிருந்து வரும் சிறு தூண்டலுக்கும் பெரிதாகத் துடிக்கிறது. கலங்களுக்கிடையிலான தொடர்பும் மாறுவதால் ஓரிடத்தில் தொடங்கும் துடிப்பு சுவர் முழுவதற்கும் பரவுகிறது. மூளை அனுமதி கொடுக்காமலே தசை சுருங்குகிறது. அப்பாவுக்கு வரும் அவசரம் பெரும்பாலும் இதுதான். வழி அடைபட்டதற்கு எதிரான அறிகுறி அல்ல அது. அடைப்பு தசையில் விட்ட தடம்.

இதோடு ஒரு கணக்கும் சேர்கிறது. சலம் போன பிறகும் 180 மில்லிலீற்றர் மிஞ்சுகிறது என்றால், அவருடைய சலப்பை நிரம்பத் தொடங்குவது வெறுமையிலிருந்து அல்ல, 180இலிருந்து. இன்னும் ஒரு தேநீர்க் கோப்பையளவு சேர்ந்ததும் மீண்டும் உணர்வு வந்துவிடும். தசை துடிக்காவிட்டாலும் அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

பெரியப்பாவின் விடயம் வியப்புக்குரியதல்ல. சுரப்பியின் பருமனுக்கும் அறிகுறிகளின் கடுமைக்கும் உறவு மிகவும் தளர்வானது. சுரப்பி வெளிப்புறமாக வளர்ந்தால் எவ்வளவு பெரிதானாலும் வழியை நெருக்காமல் இருக்கலாம். சுரப்பியின் நடுப்பகுதியான நடுமடல் சலப்பைக்குள் துருத்திக்கொண்டு வளர்ந்தால் சிறியதே போதும். மேலும் சுரப்பியிலும் சலப்பைக் கழுத்திலும் உள்ள மென்தசை இறுகுவதும் அடைப்பின் ஒரு பகுதி. டம்சுலோசின் தளர்த்துவது அந்த இறுக்கத்தை மட்டுமே, சுரப்பியைச் சுருக்காது. ஆகவே தாரை சீரானதும் அவசரம் மிஞ்சியதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

அக்கரைப்பற்று மகன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எனது வாப்பாவின் அனுபவத்தை எழுதினால் சகோதரிக்கு உதவும் என்று நினைக்கிறேன். அவருக்கும் மெல்லிய தாரை பல வருடங்களாக இருந்தது, வயதுக்கு வருவதுதானே என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. தடிமன் பிடித்தபோது கடையில் வாங்கிய தடிமன் குளிசையைப் போட்டார். அன்றிரவு ஒரு சொட்டும் போகவில்லை. அடிவயிறு தொப்புள் வரை கல்லாக வீங்கி, நிற்கவும் இருக்கவும் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நின்றார். வைத்தியசாலையில் டியூப் போட்டதும் ஒரு லீற்றருக்கு மேல் வந்தது. பிறகு சத்திரசிகிச்சை செய்தார்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பின் தாரை அடுத்த கிழமையே நன்றாகிவிட்டது. ஆனால் அவசரமும் சில நேரம் உடுப்பில் நனைவதும் மாதக்கணக்கில் தொடர்ந்தன. சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டதோ என்று வீட்டில் எல்லோரும் பயந்தோம். கிளினிக்கில், தசை பழைய நிலைக்குத் திரும்பக் காலம் எடுக்கும் என்று சொன்னார்கள். மெதுவாகக் குறைந்தது, இரவில் ஒரு தடவை எழும்புவது மட்டும் இன்றும் இருக்கிறது.

அவரை அதிகம் வருத்தியது இன்னொன்று. சலம் கழித்து எழும்பி, வுழூச் செய்து தொழுகைக்கு நின்றபின் இரண்டு சொட்டு வந்துவிடும். பள்ளிக்குப் போவதையே குறைத்துக்கொண்டார், காரணத்தை எங்களிடம் சொல்லவும் வெட்கப்பட்டார். ஒரு தாதி உத்தியோகத்தர்தான் வழி சொல்லிக் கொடுத்தார்: சலம் முடிந்ததும் விதைப்பைக்குப் பின்புறம் விரல்களை வைத்து, உள்ளே தேங்கியிருப்பதை முன்னோக்கி மெல்ல அழுத்தி வழித்துவிட வேண்டும். அந்தச் சொட்டு சலப்பையிலிருந்து வருவதல்ல, சலக்குழாயின் வளைவில் தங்குவது என்றார். அதன் பிறகு பெரும்பாலும் நின்றுவிட்டது. மார்க்கச் சட்டத்தில் இவ்வாறானவர்களுக்குச் சலுகை உண்டு என்பதை மௌலவியும் விளக்கினார். சகோதரியின் தந்தையும் கோயிலுக்கோ சபைக்கோ போகாமல் ஒதுங்குகிறாரா என்று கவனியுங்கள். ஆண்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

எழுவான்கரைப் பிள்ளை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. வாவிக்கரை ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் திருவிழாவுக்குப் போனாலும் வாசலோடு நின்றுவிட்டு வருவது எதனால் என்று இப்போதுதான் எங்களுக்குத் தெரிகிறது.

கிளினிக்கில் சொன்னபடி, போத்தலில் அளவுக் கோடு போட்டு, ஒவ்வொரு தடவையும் நேரத்தையும் அளவையும் பழைய பாடசாலைக் கொப்பியில் எழுதிவைத்தோம். 24 மணி நேரத்தில் மொத்தம் ஏறக்குறைய 2100 மில்லிலீற்றர். அதில் படுத்த பின்னும் விடிய எழும்பியவுடனும் போனது மட்டும் 900. தாரை அளக்கும் கருவியில் 190 மில்லிலீற்றர் போனபோது உச்ச வேகம் செக்கனுக்கு 7 மில்லிலீற்றர் என்று வந்தது. இது அடைப்பை உறுதிப்படுத்துகிறதா? அவசரத்தை அடக்கும் குளிசை என்று ஒன்று இருப்பதாக உறவினர் ஒருவர் சொன்னார். அதை வாங்கிக் கொடுக்கலாமா?

வாவிக்கரை வைத்தியன் எழுதியது:

கொப்பியில் எழுதிவைத்தது மிகவும் பயனுள்ள வேலை. பலர் அதை அலட்சியம் செய்துவிட்டு விலை கூடிய பரிசோதனைகளைத் தேடி அலைவார்கள்.

முதலில் தாரையின் வேகம். 150 மில்லிலீற்றருக்கு மேல் போயிருப்பதால் அந்த அளவீட்டை நம்பலாம். செக்கனுக்கு 10இற்குக் குறைந்தால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் உறுதி அல்ல. அப்பாவுக்கு வயலில் நீர்ப்பம்பி பழக்கமாக இருக்கும்: குழாய் நுனியில் தண்ணீர் மெதுவாக வந்தால் குழாய் மடிந்திருக்கலாம், பம்பி தளர்ந்திருக்கலாம், நுனியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டையும் பிரித்தறியும் பரிசோதனை ஒன்று உண்டு. சலப்பைக்குள்ளும் மலவாயிலுக்குள்ளும் மெல்லிய குழாய்களை வைத்து, சலம் போகும் அதே கணத்தில் தசையின் அழுத்தத்தையும் தாரையின் வேகத்தையும் சேர்த்து அளப்பார்கள்.

அதன் கணக்கு எளிமையானது. உச்ச வேகத்தின்போது இருந்த தசை அழுத்தத்திலிருந்து, அந்த வேகத்தின் இரண்டு மடங்கைக் கழித்தால் அடைப்புச் சுட்டெண். 40இற்கு மேல் அடைப்பு, 20இற்குக் கீழ் அடைப்பில்லை, இடைப்பட்டது ஐயத்துக்குரியது. அதே அழுத்தத்தோடு வேகத்தின் ஐந்து மடங்கைக் கூட்டினால் தசையின் சுருங்குதிறன் சுட்டெண். 100இற்குக் கீழ் பலவீனம், 150இற்கு மேல் வலுவானது. அப்பாவைப்போலவே வேகம் 7 உள்ள இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு அழுத்தம் 70 சென்றிமீற்றர் நீரளவு: அடைப்புச் சுட்டெண் 56, சுருங்குதிறன் 105. அவருக்கு வழியைத் திறந்தால் பெரும்பாலும் பலன் தெரியும். மற்றவருக்கு அழுத்தம் 25 மட்டுமே: அடைப்புச் சுட்டெண் 11, சுருங்குதிறன் 60. அவருடைய சுரப்பியைச் சுரண்டி எடுத்தாலும் தாரை பெரிதாக மாறாது. குறை தள்ளும் தசையில் இருக்கிறது. இருவரும் கிளினிக்கில் சொல்லும் முறைப்பாடு ஒரே முறைப்பாடுதான். தசை பலவீனப்பட்டிருந்தால் என்று உங்களுக்குச் சொன்னதன் பொருள் இது.

எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை. சுரப்பி பெரிதாகத் துருத்தி நிற்பவருக்கும், சலம் முற்றாகத் தடைப்பட்டு வந்தவருக்கும் பெரும்பாலும் இது இல்லாமலே முடிவெடுப்பார்கள். ஆனால் அப்பாவுக்குச் சுரப்பி நடுத்தர அளவு, மிச்சம் கணிசமானது, அதோடு சீனி வருத்தம் வேறு. நீண்ட காலச் சீனி வருத்தம் சலப்பையின் உணர்வு நரம்புகளைப் பாதித்து, அடைப்பே இல்லாமல் தசையைத் தளரச் செய்யக்கூடியது. இப்படிப்பட்டவருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன் இதைக் கேட்பது நியாயமானது. எங்கே அனுப்புவார்கள் என்பதைக் கிளினிக்கிலேயே கேளுங்கள்.

இனி இரவு. 2100இல் 900 என்பது நூற்றுக்கு 43. வயது முதிர்ந்தவர்களில் இரவுப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினால், இரவில் சலம் அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது என்று கொள்வார்கள். ஆகவே அப்பா இரவில் எழும்புவதில் ஒரு பகுதிக்குச் சலப்பையோ சுரப்பியோ பொறுப்பல்ல. சத்திரசிகிச்சையால் அது தீரவும் தீராது. பகல் முழுக்க வயலில் நின்று மாலையில் கணுக்கால் வீங்கினால், அந்த நீர் படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பிச் சலமாக வரும். மாலை ஐந்து மணியளவில் கால்களை உயர்த்தி ஒரு மணி நேரம் சாய்ந்திருக்கச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னான பிளேன்ரீயை நிறுத்துங்கள். சீனி அளவையும் இருதயத்தையும் பார்க்க வேண்டும். குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பகலில் குடிக்காமல் இருப்பது மட்டும் கூடாது. நமது வெயிலில் அது வேறு வருத்தத்தில் கொண்டுபோய் விடும்.

அவசரத்தை அடக்கும் குளிசைகளில் ஒருவகை, நான் முன்பு சொன்ன அசற்றைல்கோலினைத் தடுப்பவை. சொலிஃபெனசின், டொல்டெரோடின் போன்றவை. மிராபெக்ரோன் என்பது பீட்டா 3 ஏற்பியைத் தூண்டித் தசையைத் தளர்த்துவது. மிச்சம் குறைவாக உள்ளவருக்கு டம்சுலோசினோடு சேர்த்து இவற்றைக் கொடுப்பது வழக்கத்தில் உள்ள சிகிச்சைதான். ஆனால் 180 மிஞ்சும் ஒருவர் உறவினர் சொல்லைக் கேட்டுக் கடையில் வாங்கிப் போடக்கூடாது. ஏற்கெனவே முழுதாகத் தள்ள முடியாத தசையை மேலும் தளர்த்தினால் முற்றாக அடைபடலாம். அக்கரைப்பற்றுச் சகோதரரின் வாப்பாவுக்கு நடந்ததும் இதன் இன்னொரு வடிவமே. பிரிட்டோன் (குளோர்பெனிரமின்) போன்ற பழைய ஒவ்வாமைக் குளிசைகளுக்கும் அசற்றைல்கோலினைத் தடுக்கும் குணம் உண்டு. மூக்கடைப்புக்குச் சேர்க்கப்படும் சூடோஎபிட்ரின் சலப்பைக் கழுத்தை இறுக்கும். தடிமன் குளிசை வாங்கும்போது சலத் தடை இருப்பதைப் பாமசியில் சொல்ல வேண்டும்.

சத்திரசிகிச்சைக்குப் பின் அவசரம் பலருக்குப் படிப்படியாகக் குறையும். கணிசமான சிலருக்குத் தங்கிவிடும். நீண்ட காலம் அடைப்போடு இருந்தவர்களிடம் அது தங்குவது அதிகம். என்னைக் கேட்டால், தாரைக்கு என்ன எதிர்பார்க்கலாம், அவசரத்துக்கு என்ன எதிர்பார்க்கலாம் என்று வைத்தியரிடம் இரண்டையும் தனித்தனியாகக் கேட்பேன். ஒரே கேள்வியாகக் கேட்டால் நல்லாகும் என்ற ஒற்றைப் பதில்தான் கிடைக்கும்.

திருக்கோவில் வாசகன் எழுதியது:

இந்த உரையாடலில் ஒரு ஐயம். எனது மாமா தெஹியத்தகண்டிப் பக்கம் பல வருடங்கள் விவசாயம் செய்தவர். கிரியட்டினின் கூடியிருக்கிறது. அந்தப் பகுதியில் பரவலாக உள்ள, காரணம் தெரியாத சிறுநீரக வருத்தமாகத்தான் இருக்கும் என்று வீட்டில் முடிவுசெய்துவிட்டார்கள். அண்மையில் அவருக்குத் தூக்கத்தில் படுக்கை நனைகிறது. நோவு எதுவும் இல்லை. சலப்பையோடு இதற்குத் தொடர்பு இருக்குமா?

வாவிக்கரை வைத்தியன் எழுதியது:

தம்பி, தாமதிக்காமல் இந்தக் கிழமையே ஸ்கேன் எடுக்கச் செய்யுங்கள். வயது முதிர்ந்த ஆணுக்குப் புதிதாகப் படுக்கையில் சலம் போகத் தொடங்கினால், வேறு காரணம் காணும் வரை, சலப்பை நோவில்லாமல் நிரம்பி வழிகிறது என்றே எண்ண வேண்டும். சிலருக்கு விறைத்த சலப்பைக்குள் அழுத்தம் எப்போதும் உயர்ந்தே இருக்கும். அது மேலே ஏறி இரண்டு சிறுநீரகங்களையும் வீங்கச் செய்து கிரியட்டினினை உயர்த்தும். நோவு இல்லாததால் ஒருவரும் அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அம்பாறை மாவட்டத்தின் அந்தப் பகுதிகளில் விவசாயிகளின் சிறுநீரக வருத்தம் உண்மையான பிரச்சினைதான். ஆனால் அடைப்பால் வந்த பாதிப்பு டியூப் போட்டால் பெருமளவு மீளக்கூடியது என்பதால், அதை முதலில் விலக்கிவிட வேண்டும். டியூப் வைத்தியசாலையிலேயே போடப்பட வேண்டும். அடைப்பு நீங்கியதும் சிலருக்கு மணிக்கு நூற்றுக்கணக்கான மில்லிலீற்றர் சலம் கொட்டும். உப்பும் நீரும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

எழுவான்கரைப் பிள்ளை எழுதியது:

கடைசியாக ஒன்று, ஐயா. அப்பாவுக்கு அடுத்த மாதம் கண்ணில் வெண்படலச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். சலக் குளிசையைப் பற்றி அங்கே சொல்ல வேண்டுமா?

வாவிக்கரை வைத்தியன் எழுதியது:

கட்டாயம் சொல்ல வேண்டும். டம்சுலோசின் கண்ணின் கருவிழித் தசையையும் தளர்த்துவதால், சத்திரசிகிச்சையின்போது அது தொய்ந்து கண்ணின் பாவை சுருங்கக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் கண் வைத்தியர் அதற்கு ஏற்றபடி ஆயத்தமாக இருப்பார். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம். சில நாட்கள் நிறுத்தினாலும் அந்த ஆபத்து முற்றாக நீங்குவதில்லை, சலம் தடைப்படவும் கூடும். குளிசை அட்டையைக் கண் கிளினிக் கொப்பியோடு சேர்த்து எடுத்துப் போங்கள்.